அவலும் பொரியும் பிளாண்ட் ஏலும்

இட்லி மாவு புளிக்க வைக்கத் தெரிந்தவனுக்கு பீர் எல்லாம் ஒரு விஷயமா என்ற நினைப்பில்தான் ஆரம்பித்தேன். அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் போர்ட்லாந்தின் குளிர்காலம் எங்கள் வீட்டுக்குக் கற்றுக்கொடுத்த வித்தை ஒன்று உண்டு. மாவுப் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, ஓவனை மூட்டாமல், உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டுவிட வேண்டும். காலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். என் முதல் பீருக்கும் அதையே செய்தேன். ஒரு கேலன் கண்ணாடி ஜாடி, தட்டுகளைக் கழற்றிய ஓவன், விளக்கு.

ராத்திரிக்குள் நுரை பொங்கி, வாயுவை மட்டும் வெளியே விட வேண்டிய ஏர்லாக் மூடி வழியாக வெளியே வழிந்தது. என்ன வேகம் பார் என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாட்டிலில் அடைத்து மூன்று வாரம் கழித்துத் திறந்தால் நெயில் பாலிஷ் ரிமூவர் வாசனை. "ஏங்க, இதைக் குடிக்கவா போறீங்க?" என்றாள். குடித்தேன். அரை கிளாஸ்தான், மறுநாள் மத்தியானம் வரை தலைவலி.

இட்லி மாவுக்கு முப்பது டிகிரி சுகம். ஏல் என்ற பீர் வகைக்குப் போடும் ஈஸ்டுக்கு அது காய்ச்சல். பதினெட்டு, பத்தொன்பது டிகிரியில் விட்டால் ஈஸ்ட் நிதானமாகச் சர்க்கரையைத் தின்று, சாராயமும் வாயுவும் தந்துவிட்டு ஒதுங்கிவிடும். சூட்டில் விட்டால் வேகவேகமாகத் தின்று, தொண்டையை எரிக்கும் கனமான ஆல்கஹால்களையும் கரைப்பான் வாசனையையும் சேர்த்தே தரும். இன்றைக்கு என் பீர் வாளி படுக்கையறை அலமாரியின் தரையில், தண்ணீர்த் தொட்டிக்குள் நிற்கிறது. கோடையில் வாளிக்கு ஈரமான பழைய டீ ஷர்ட் ஒன்றை மாட்டி, எதிரே மின்விசிறி வைத்துவிடுவேன். மண்பானை தண்ணீரைக் குளிர வைக்கும் அதே கதைதான். நாலைந்து டிகிரி இறங்கும்.

அந்த முதல் ஜாடியிலும் பிளாண்ட் ஏல்தான் செய்தேன், அதற்குப் பிறகும் பெரும்பாலும் அதையேதான் செய்கிறேன். இந்த ஊரில் வீட்டில் பீர் செய்பவர்கள் கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூவை அள்ளிக் கொட்டிய ஐபிஏ வகை பீர் பற்றித்தான் பேசுவார்கள். பிளாண்ட் ஏல் என்றால், ஓ, மாமனாருக்கா என்பார்கள். மதுக்கூடங்களில், குளிரில் புளிக்க வைக்கும் லாகர் வகை பீர் மட்டுமே குடித்துப் பழகியவர்களை ஏல் பக்கம் இழுக்க வைத்திருக்கும் சாது பீர் அது. வெளிர் பொன்னிறம், லேசான கசப்பு, நாலிலிருந்து ஐந்தரை சதவீதத்துக்குள் ஆல்கஹால். எனக்கு அது பிடித்ததற்குக் காரணம் வேறு. மிளகு ரசத்தில் உப்பு கூடினால் ஒருவேளை தெரியாமல் போகலாம், வெறும் கஞ்சியில் உடனே தெரிந்துவிடும். இது கஞ்சி. எதைக் கூட்டினாலும் குறைத்தாலும் நாக்குக்கு வந்துவிடும்.

தண்ணீர் விஷயம் அப்படித்தான் பிடிபட்டது. போர்ட்லாந்துக் குழாய்த் தண்ணீர் புல் ரன் காட்டிலிருந்து வருகிறது. உப்புகளே இல்லாத மாதிரி மென்மையான தண்ணீர், வெளிர் பீருக்கென்றே அமைந்தது. ஆனால் கிருமி நீக்க குளோராமின் சேர்க்கிறார்கள். குளோரின் கொதிக்கும்போது பறந்துவிடும், இது அவ்வளவு சுலபத்தில் போகாது. அது பீரில் போய் பேண்ட் எய்டு வாசனை கொடுக்கும். கறுப்பு பீரில் ஒருவேளை ஒளிந்துகொள்ளும், பிளாண்டில் முதல் மடக்கிலேயே மூக்கில் ஏறியது. ஐந்து கேலனுக்குக் கால் மாத்திரை கேம்ப்டன், அவ்வளவுதான் வைத்தியம். கடையில் ஒரு டப்பா வாங்கியது, இன்னும் தீரவில்லை.

அப்பாவிடம் போனில் இதையெல்லாம் விளக்கினேன். எங்களுக்கு உடன்குடிப் பக்கம், பனங்காட்டு ஊர். "எதுக்குடா இவ்வளவு பாடு? கலயத்துல சுண்ணாம்பு தடவலைன்னா தானா கள்ளாயிட்டுப் போவுது" என்றார். உண்மைதான். பனை சர்க்கரையைத் தயாராகவே கொடுத்துவிடுகிறது. பார்லியில் இருப்பது மாவுச்சத்து. அதை முளைகட்டி, காயவைத்து, உடைத்து, அறுபத்தாறு டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப் போட்டால்தான், முளைக்கும்போது உண்டான நொதிகள் மாவைச் சர்க்கரையாக்கும். இதை மேஷ் என்கிறோம். அப்பா முழுவதும் கேட்டுவிட்டு, "அங்கே போலீஸ் பிடிக்காதா?" என்றார். ஊரில் என்றால் கம்பி எண்ண வேண்டியதுதான். இங்கே 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி, இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் வருடத்துக்கு 200 கேலன் வரை வரி இல்லாமல் காய்ச்சலாம். விற்கத்தான் கூடாது.

சரி, பரிசோதனைக்கு வருகிறேன்.

பீரில் அரிசி சேர்ப்பது புதிதில்லை. பட்வைசரில் அரிசி உண்டு. அரிசி சர்க்கரையைத் தரும், தன் ருசியையோ புரதத்தையோ அதிகம் தராது, அதனால் பீர் இலேசாகவும் துடைத்த மாதிரியும் இருக்கும். சிக்கல் என்னவென்றால், பச்சரிசியின் மாவு மேஷ் சூட்டில் இளகாது. தனியாகக் கஞ்சி வைத்துச் சேர்க்க வேண்டும். அது வேண்டாம் என்றால் ஏற்கெனவே வெந்த அரிசி வேண்டும். கடையில் அதற்கென்றே அரிசித் தட்டையல் விற்கிறார்கள். பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அடப்பாவி, இது அவல்!

அன்றைக்கு இந்தியக் கடையில் அவல் தீர்ந்திருந்தது. பொரி இருந்தது. பொரியும் சூட்டில் வெந்து பொரிந்த அரிசிதானே, அதன் மாவும் இளகித்தானே இருக்கும்? கணக்கு சரி. இரண்டு பெரிய பாக்கெட் வாங்கி வந்து மொத்தத்தையும் மேஷில் கொட்டினேன். பானை முழுக்க மிதந்து, பார்க்கவே ஆயுத பூஜை மாதிரி இருந்தது. அழுத்தி அழுத்திக் கிண்டி ஒருவழியாக அடங்கியது. சர்க்கரை அளவு நினைத்தபடியே வந்தது. ஈஸ்டும் ஒழுங்காக வேலை செய்தது.

பீர் கரித்தது.

கடலைத் தண்ணீர் மாதிரி இல்லை. விழுங்கிய பிறகு உதட்டோரத்தில் மெல்லிசாக ஒரு உப்பு. எங்கிருந்து வந்தது என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். பாத்திரம் கழுவிய பொடியா, தண்ணீரா? கடைசியில் குப்பைக்குப் போகவிருந்த பாக்கெட்டைப் புரட்டினால், சேர்மானம்: அரிசி, உப்பு. பொரி பொரிக்கும் முன் அரிசியில் உப்புத் தண்ணீர் பிசிறுவார்கள் என்பது பொரிகடலை தின்று வளர்ந்த எனக்குத் தெரியாததா? தெரியும். பீர் என்றதும் மறந்துபோனது. பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் மட்டும் ரசித்துக் குடித்தார். அவர்கள் நாட்டில் கோஸ்லார் ஊரில் பிறந்த கோஸ என்று ஒரு பீர் உண்டு, உப்பும் கொத்தமல்லி விதையும் போட்டுச் செய்வது. "நீ தெரியாமல் பாதி கோஸ செய்துவிட்டாய்" என்றார். ஆறுதல்தான் என்று தெரிந்தும் அவருக்கு ஆறு பாட்டில் கொடுத்தேன்.

அடுத்த முறை கெட்டி அவல், வெள்ளை. ஐந்து கேலனுக்கு இப்போது என் கணக்கு இது: டூ ரோ பார்லி மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) எட்டு பவுண்டு, அவல் ஒரு பவுண்டு. அறுபத்தாறு டிகிரியில் ஒரு மணி நேரம். பிறகு ஒரு மணி நேரக் கொதி. கொதி தொடங்கும்போது வில்லாமெட் ஹாப்ஸ் ஒரு அவுன்ஸ், முடிய பத்து நிமிடம் இருக்கும்போது கேஸ்கேட் அரை அவுன்ஸ். கேஸ்கேட் இந்த மண்ணின் பிள்ளை, எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய கோர்வாலிஸில் உருவாக்கி 1972இல் வெளியிட்டார்கள். எல்லோரும் கிரேப்ஃப்ரூட் வாசனை என்பார்கள், எனக்கு அது பம்ளிமாஸ் தோலைக் கிள்ளினால் வரும் வாசனை. ஈஸ்ட் யூஎஸ் 05, ஒரு பாக்கெட். திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் தொடக்கத்தில் 1.046, இரண்டு வாரத்தில் 1.009. கழித்து 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹால் 4.9 சதவீதத்தை ஒட்டி வரும். பாட்டிலில் அடைக்கும்போது மொத்தத்துக்கும் 115 கிராம் சோளச் சர்க்கரை. இதை மட்டும் கண்ணளவில் போடாதீர்கள், பாட்டில் வெடிக்கும். அவல் மேஷில் கரைந்தே போனது, வெல்லம் போட்டுத் தின்றிருக்கலாம் என்று மனைவி இன்னும் குத்திக் காட்டுகிறாள்.

அவல் உண்மையிலேயே ஏதாவது செய்கிறதா, இல்லை என் மனசுக்கு அப்படித் தோன்றுகிறதா? இதுதான் அரித்துக்கொண்டே இருந்தது. போன மாதம் ஒரே நாளில் இரண்டரை கேலனாக இரண்டு பானை காய்ச்சினேன். ஒன்றில் அவல், இன்னொன்றில் அந்த எடைக்கும் பார்லியே. மற்றதெல்லாம் ஒன்று: அதே ஹாப்ஸ், அதே ஈஸ்ட், அதே அலமாரி. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று என்பதைத்தான் நான் கற்றுக்கொள்ள மூன்று வருடம் பிடித்தது. முன்பெல்லாம் ஹாப்ஸையும் ஈஸ்டையும் சேர்த்தே மாற்றிவிட்டு, எதனால் நன்றாக வந்தது என்று தெரியாமல் விழித்திருக்கிறேன்.

ருசி பார்க்க ஐந்து பேரைக் கூப்பிட்டேன். ஆளுக்கு மூன்று கிளாஸ், நிறம் தெரியாமல் சிவப்புப் பிளாஸ்டிக் கோப்பையில். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மற்றது. வேறு எது என்று மட்டும் சொல்ல வேண்டும், எது நன்றாயிருக்கிறது என்று பிறகு கேட்பேன். மனைவி முகர்ந்து, ஒரு வாய் குடித்து, "நடுவுல இருக்கறது" என்றாள். சரி. ஜெர்மன்காரர் பத்து நிமிடம் யோசித்துத் தப்பாகச் சொன்னார். இன்னொரு நண்பர் மூன்றும் ஒன்றுதான், ஏமாற்றுகிறாய் என்று என்னையே சந்தேகப்பட்டார். ஐந்து பேரில் மூன்று பேர் சரி.

சந்தோஷப்படலாம் என்று பார்த்தால், குருட்டாம்போக்கில் கை காட்டினாலும் மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். ஐந்தில் மூன்றை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. குறைந்தது இருபது பேராவது வேண்டும். தீபாவளிக்கு வீட்டுக்கு அவ்வளவு பேர் வருவார்கள், ஆனால் அதில் பாதிப் பேர் குடிக்க மாட்டார்கள், மீதிப் பேரில் சிலர் மனைவி முன்னால் குடிக்க மாட்டார்கள். எதற்கும் இரண்டு வகையிலும் பன்னிரண்டு பாட்டில் அலமாரியின் பின்பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். மூடியில் அ, ப என்று எழுதியிருக்கிறது.