செண்டுமல்லி முதலில், தக்காளி பிறகு: வேர்முடிச்சு வந்த பாத்தியில் செய்து பார்த்தது

மண்ணில் ஈரம் இருந்தும் தக்காளிச் செடிகள் நடுப்பகலில் வாடின, மாலையில் தெளிந்தன. எரு வைத்தும் இலை வெளிறியது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க முடிச்சு. அவரை, தட்டைப்பயறு வேரில் வரும் நல்ல முடிச்சுகளை விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். இது வேரே வீங்கியது, உதிராது. மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் நுண்ணிய புழுவான வேர்முடிச்சு நூற்புழுதான். ஒரு பெண் புழு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். வெதுவெதுப்பான மண்ணில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார்.

செண்டுமல்லி வைத்தால் சரியாகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படி வைப்பது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. பாத்தியை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதியில் தக்காளியையும் செண்டுமல்லியையும் மாற்றி மாற்றி நட்டேன். மறுபாதியில் சிறு பூப் பூக்கும் குட்டைச் செண்டுமல்லி மட்டும், ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியில்.

புழுவை அடக்குவது பூவின் வாசனை இல்லை, வேர். வேருக்குள் நுழையும் இளம்புழுவை அங்குள்ள ஆல்ஃபா டெர்தியனில் என்ற பொருள் தாக்குகிறது. தப்பினாலும் அது வளர்ந்து முட்டையிட முடிவதில்லை. ஆகவே செண்டுமல்லி வேர் பரவிய மண்ணில்தான் பலன். பக்கத்துத் தக்காளி வேரைத் தேடிப் போகும் புழுவை அது தடுக்காது. களையிலும் கண் வைக்க வேண்டும். தானாக முளைக்கும் மணத்தக்காளியை விட்டுவைத்தால் அதன் வேரிலேயே புழு பெருகும். முளைக்க முளைக்கப் பிடுங்கினேன்.

கலந்து நட்ட பாதியில் காய்ப்பு முடிந்து பிடுங்கிய தக்காளி வேர்களில் முடிச்சு குறையவே இல்லை. அழகுக்கும் தேனீக்கும் அந்தப் பூக்கள் உதவின, அவ்வளவுதான். மறுபாதியில் பூ ஓய்ந்ததும் செடிகளை வெட்டி மண்ணோடு கொத்திவிட்டுத் தக்காளி நட்டேன். அந்த வேர்களைக் கழுவிப் பார்த்தபோது உண்மையிலேயே மகிழ்ச்சி: வெள்ளை வேர், நிறைய சல்லிவேர். கலப்புப் பாதியை ஒட்டிய ஓரச் செடிகளில் மட்டும் சில முடிச்சுகள்.

வறண்ட வெயிலில் செண்டுமல்லிக்கு இலைச்சாறு உறிஞ்சும் சிவப்புச் சிலந்தி வரும், தக்காளிக்கும் தாவும். இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீர் பீய்ச்சினால் குறைகிறது.

ஒருமுறை வைத்ததோடு புழு தீர்ந்துவிடாது. அடிமண்ணிலிருந்து மறுபடி ஏறும். கலப்புப் பாதியில் இப்போது செண்டுமல்லி மட்டும் நெருக்கமாக வளர்கிறது. தக்காளி எடுத்த பாதியின் ஒரு மூலையில் வெண்டை ஊன்றியிருக்கிறேன். இந்தப் புழுவுக்கு வெண்டை வேர் எளிதில் இரையாகும் என்பதால், மண்ணில் மிச்சம் எவ்வளவு என்பதை அது காட்டிவிடும்.