பால்கனிக்கு ஏற்ற குட்டி ரம்பம்

சின்ன சர்க்குலர் ரம்பம் வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். பொழுதுபோக்குக்கு மரவேலை என்றால் தாராளமாக வாங்கலாம்.

கையடக்க ரகத்தில் 85 மி.மீ. பிளேடு வருகிறது. 19 மி.மீ. பிளைவுட்டைச் சிரமமில்லாமல் அறுக்கும். கட்டில் கால் போன்ற கனமான தேக்குக்கு ஆகாது; அதற்கு ஆசாரியிடமே போய்விடுங்கள்.

டைல்ஸ் அறுக்கும் நாலு இஞ்ச் கட்டரில் மர பிளேடை மாட்டி ஓட்டுகிறார்களே, அது மட்டும் வேண்டாம். நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் மிஷின். மரம் பிளேடைக் கவ்வினால் நம் பக்கமே உதைக்கும்.

ரம்பப் பல் கீழிருந்து மேலாக வெட்டுவதால் மேல்பக்கம்தான் பிசிறு தெறிக்கும். எனவே மைக்கா ஒட்டிய பலகையில் நல்ல முகம் கீழே இருக்கட்டும். கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டினால் இன்னும் சுத்தம். நான் அடியில் தெர்மாகோல் போட்டு, பிளேடு பலகையைத் தாண்டி மூன்று நான்கு மி.மீ. மட்டும் நீளும்படி ஆழம் வைப்பேன். நேர்கோட்டுக்கு ஒரு அலுமினியப் பட்டை, இரண்டு கிளாம்ப். அவ்வளவுதான்.

பழைய மரக்கடையில் வாங்கிய ஜன்னல் சட்டமா? முதலில் காந்தத்தை வைத்துத் தடவுங்கள். உள்ளே முறிந்த ஆணி இருந்தால் பிளேடு காலி.

எம்டிஎஃப், அதாவது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை, அதன் தூள் ரொம்ப மோசம், மாஸ்க் கட்டாயம். அப்புறம் சத்தம். மதியம் கீழ்வீட்டுப் பாட்டி தூங்கும் நேரத்தில் நான் உப்புத்தாள் தேய்ப்பதோடு சரி.