லோங்காங் பக்கம் போயிட்டு வரேன்

ஆங் மோ கியோவில் வளர்ந்த எங்களுக்குக் காலாங் ஆறு ஆறே இல்லை, லோங்காங். சிங்கப்பூரில் சாக்கடைக் கால்வாய்க்கு எல்லாரும் சொல்கிற பேர் அதுதான். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் சிமெண்டுப் பள்ளம், மற்ற நாளில் நடுவில் கொஞ்சம் தண்ணீர், மழை பிடித்தால் பயங்கர வேகம். பந்து விழுந்தால் போனதுதான். எடுக்க இறங்கினால் அம்மாவிடம் அடி.

2009-ல் அதை உடைக்க ஆரம்பித்தார்கள். 2.7 கிலோமீட்டர் நேர்க்கால்வாய், 2012-ல் திறந்தபோது பீஷான் பூங்காவுக்குள் 3.2 கிலோமீட்டருக்கு வளைந்து நெளிந்து ஓடும் ஆறாகியிருந்தது. கரையில் கல்லும், கட்டுக்கட்டாக வெட்டிய கிளைகளும், செடிகளும். வேர் பிடித்ததும் மண்ணை அதுவே பிடித்துக்கொள்ளும். நம்ம ஊர் மழைக்கு இதெல்லாம் தாங்குமா என்று முதலில் ஒரு சின்ன வாய்க்காலில் 60 மீட்டருக்குச் செய்து பார்த்துவிட்டுத்தான் ஆற்றில் கை வைத்தார்கள்.

ஆனால் செடியும் கல்லும் பெரிய விஷயமில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் ஓடுகிற, நாம் பாய் விரித்து உட்காருகிற அந்தப் புல்வெளி இருக்கிறதே, அதுவும் ஆறுதான். கனமழை என்றால் அபாய ஒலி அடிக்கும், எல்லாரும் மேலே ஏறுவோம், கொஞ்ச நேரத்தில் உட்கார்ந்திருந்த இடமெல்லாம் செம்மண் நிறத்தில் தண்ணீர். வடிந்த பிறகு பார்த்தால் புல் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். ஓரடி நிலத்துக்கும் கணக்குப் பார்க்கிற இந்தத் தீவில் ஆற்றுக்கு இவ்வளவு இடம் விட்டுக்கொடுத்ததைத்தான் நான் மெச்சுவேன். இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி, மேலே பூந்தொட்டி வைத்துவிட்டு ஆற்றை மீட்டோம் என்று சொல்வதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

நீர்நாய்களை யாரும் கொண்டுவந்து விடவில்லை. 2014-ல் அவையே இந்த ஆற்றுக்கு வந்தன, குட்டி போட்டன, மறு வருஷம் நகர மையத்தில் இருக்கிற மரினா விரிகுடாப் பக்கம் போய் அங்கிருந்த இன்னொரு நீர்நாய்க் குடும்பத்தை விரட்டிவிட்டு இடத்தைப் பிடித்தன. ஊரில் இப்போது நீர்நாய்ப் புகார்களுக்குப் பஞ்சமில்லை. காசு போட்டு வளர்த்த கோய் மீனை ராத்திரியில் தின்றுவிட்டுப் போகின்றனவாம். பறிகொடுத்தவர்கள் பாவம்தான், ஆனால் இயற்கை வேண்டும் என்று கூப்பிட்டுவிட்டு இதைத்தான் சாப்பிட வேண்டும் என்று அதற்குச் சொல்ல முடியுமா?

அப்பா இன்னும் "லோங்காங் பக்கம் போயிட்டு வரேன்" என்றுதான் தினமும் கிளம்புகிறார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அன்றைய செய்தியும் வந்துவிடும்: "இன்னைக்கும் அதுங்க வரல."