விடுமுறைக்குள் முடிகிற பின்னலும் தையலும்: ஆசிரியர்களுக்கு

விடைத்தாள் திருத்தி முடித்த கையோடு போடும் கோடைப் பட்டியலில் ஒரு ஸ்வெட்டர், இரண்டு சட்டை, பிள்ளைக்கு ஒரு ஃபிராக், திண்டு உறை என்று எல்லாம் இருக்கும். பள்ளி திறக்கும்போது பாதிக்கு மேல் பையிலேயே கிடக்கும். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: யாரும் மணிக்கணக்கு போட்டுப் பார்ப்பதில்லை. பாடத்துக்குப் பீரியட் பிரிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு கஷ்டமே இல்லை.

முதலில் பின்னல். 4 மி.மீ. ஊசியில் 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணி (ஊசியில் ஏறும் ஒவ்வொரு நூல் சுருக்கும் ஒரு கண்ணி), 10 செ.மீ. உயரத்துக்கு 30 வரிசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 செ.மீ. அகலம், 150 செ.மீ. நீளமுள்ள மஃப்ளருக்கு 44 கண்ணி, 450 வரிசை. மொத்தம் 19,800 கண்ணி. நிமிடத்துக்கு 20 கண்ணி போடுபவருக்கு இது பதினாறரை மணி நேர வேலை. மார்புச் சுற்று 100 செ.மீ. உள்ள முழுக்கை ஸ்வெட்டர் இதே நூலில் சுமார் 57,000 கண்ணி, கிட்டத்தட்ட 48 மணி நேரம். அதற்கு மேல் கழுத்துப் பட்டி, துண்டுகளை இணைப்பது, நூல் நுனிகளை உள்ளே ஒளிப்பது எல்லாம் தனி. ஆறு வார விடுமுறையில் தினம் ஒரு மணி நேரம் கிடைத்தாலும் 42 மணிதான். ஆகவே புதிதாகக் கற்பவர்கள் ஸ்வெட்டரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். உங்கள் வேகம் தெரிய, பத்து நிமிடம் பின்னி எண்ணிப் பாருங்கள். முதல் வாரத்து வேகத்தை நம்பிக் கணக்கு போட்டால் போதும், பிறகு கூடினால் லாபம்.

மாதிரித் துண்டு பின்னாமல் உடையைத் தொடங்கவே கூடாது. 15 செ.மீ. சதுரமாவது பின்னி, உடையைத் துவைக்கப்போவது போலவே துவைத்து, காயவைத்து, நடுவில் உள்ள 10 செ.மீ.யில் எண்ண வேண்டும். ஓரக் கண்ணிகள் இழுபட்டிருக்கும், அவற்றை எண்ணினால் கணக்கு பொய். பின்னல் குறிப்பின்படி 20 கண்ணி வரவேண்டிய இடத்தில் உங்களுக்கு 22 வந்தால், 200 கண்ணியில் 100 செ.மீ.க்குப் பதில் 91 செ.மீ.தான் கிடைக்கும். போட முடியாத சட்டை அது. கண்ணி கூடுதலாக வந்தால் ஊசியை ஒரு அளவு பெரிதாக்குங்கள், குறைந்தால் சிறிதாக்குங்கள். இறுக்கிப் பின்னியோ தளர்த்திப் பின்னியோ சரிக்கட்டப் பார்த்தால் பத்து வரிசையில் கை பழைய பழக்கத்துக்கே போய்விடும்.

வெயில் காலத்தில் வியர்வைக் கையில் கம்பளி நூல் ஒட்டும், மடியிலும் சுடும். பருத்தி நூல் சௌகரியம். ஆனால் அதற்கு மீள்தன்மை குறைவு, கனமும் அதிகம். பெரிய உடை தொங்கத் தொங்க நீளும். கைத்துடைப்பான், பை போன்றவற்றுக்கு அதுவே சரி. எல்லா உருண்டைகளும் ஒரே சாய எண் உள்ளவைதானா என்று லேபிளைப் பார்த்து ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். நடுவில் தீர்ந்து வேறு எண் வாங்கினால் நிறம் கோடு போட்டுக் காட்டிக்கொடுக்கும்.

புதியவர்களுக்கு 44 கண்ணி 47 ஆகும் மர்மம் ஒன்று உண்டு. வரிசையைத் திருப்பும்போது நூல் ஊசிக்கு மேலே பின்பக்கமாக இழுபட்டால் முதல் கண்ணி இரண்டு கால்களாகத் தெரியும். இரண்டையும் தனித்தனியாகப் பின்னினால் ஒரு கண்ணி கூடிவிடும். நிட் வரிசை (நூலைப் பின்பக்கம் வைத்துப் பின்னும் வரிசை) தொடங்கும் முன் நூலை ஊசிக்குக் கீழாக இறக்கிப் பின்னால் கொண்டுபோனால் இது நடக்காது. ஒவ்வொரு 20 கண்ணிக்கும் ஒரு வளையம் மாட்டிவையுங்கள், எண்ணுவது சுலபம். சிக்கலான டிசைன் தொடங்கும் முன், வேறு நிற மெல்லிய நூலை ஒரு வரிசைக் கண்ணிகள் எல்லாவற்றிலும் கோத்துவிடுங்கள். பிரிக்க வேண்டி வந்தால் அந்த வரிசையோடு நிற்கும்.

பின்னலை இருபது நிமிடம் கிடைத்தாலும் எடுத்துப் பின்னி வைத்துவிடலாம். தையல் அப்படியில்லை: மேசை, மெஷின், அயர்ன் பாக்ஸ் எல்லாம் விரித்துவைக்க வேண்டும். அதனால் விடுமுறையின் முதல் பாதியில், தொடர்ந்து மூன்று மணி நேரம் கிடைக்கும் நாள்களைத் தையலுக்கு ஒதுக்குங்கள். துவைத்து அயர்ன் செய்வது ஒரு நாள், வெட்டுவது இன்னொரு நாள், தைப்பது அதற்கடுத்து. களைத்த கண்ணோடு வெட்டியதைத் திருத்த வழியே இல்லை, தையலையாவது பிரிக்கலாம்.

பருத்தித் துணியைத் துவைக்காமல் வெட்டாதீர்கள். 5 சதவீதம் சுருங்கினாலே 110 செ.மீ. நீள உடை ஐந்தரை செ.மீ. ஏறிவிடும்.

முதல் உடையாக எலாஸ்டிக் வைத்த பாவாடை நல்லது. இடுப்பின் பருமனான பகுதி 100 செ.மீ. என்றால், முன்பக்கத் துண்டும் பின்பக்கத் துண்டும் சேர்ந்து 150 செ.மீ. அகலம் இருக்கட்டும். வேண்டிய நீளத்தோடு 7 செ.மீ. கூட்டி வெட்டுங்கள்: மேலே 1 செ.மீ. மடித்து மறுபடி 3 செ.மீ. மடிக்க 4, கீழே 1 செ.மீ. மடித்து 2 செ.மீ. மடிக்க 3. இரண்டரை செ.மீ. அகல எலாஸ்டிக்கை இடுப்புச் சுற்றைவிட 5 செ.மீ. குறைத்து, நுனிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற 2 செ.மீ. சேர்த்து வெட்டுங்கள். மேல் மடிப்பில் 5 செ.மீ. தைக்காமல் விட்டு, ஊக்கு மாட்டி எலாஸ்டிக்கைக் கோக்கலாம். முறுக்கு இல்லை என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே நுனிகளைத் தையுங்கள்.

துணிக்கு அடியில் நூல் கூடுபோல் சுருண்டால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் திட்டுவார்கள். பழி பெரும்பாலும் மேல்நூலின்மேல். துணியை அழுத்திப் பிடிக்கும் அழுத்துகாலைத் தூக்கிவைத்தால்தான், மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் விலகி நூல் உள்ளே உட்காரும். இறக்கிவைத்துக் கோத்தால் நூல் தட்டுக்கு வெளியே ஓடும். அழுத்துகாலைத் தூக்கி முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஊசி மழுங்கியிருக்கிறதா, பக்கம் மாறியோ அரைகுறையாகவோ மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நடுத்தரப் பருத்திக்கு 90/14, மெல்லிய துணிக்கு 70/10 ஊசி, தையல் நீளம் 2.5 மி.மீ. ஒவ்வொரு தையலையும் அடுத்த தையல் குறுக்கே வரும் முன் அயர்ன் செய்யுங்கள். வீட்டுத் தையல் வீட்டுத் தையலாகவே தெரிவதற்குப் பாதிக் காரணம் இதை விட்டுவிடுவதுதான்.

கடைசி வாரத்தில் எதையும் புதிதாகத் தொடங்க வேண்டாம். பட்டன், ஹெம்மிங், நூல் நுனி ஒளிப்பது, பின்னல் துண்டுகளை நனைத்து அளவுக்கு விரித்துக் காயவைப்பது எல்லாம் அந்த வாரத்துக்கு. கனமான பருத்திப் பின்னல் முழுதாகக் காய இரண்டு நாள்கூட ஆகலாம். பள்ளி திறக்கும் முந்தின இரவு நனைத்துவிடாதீர்கள்.