பாதிச் சாப்பாடு

"அங்க உக்காந்தா பாதியில எந்திரிக்கணும் சார். இங்கன்னா முழுசா சாப்பிட்டுருவேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். ஸ்டேஷனரி ரூமில் செலான் கட்டுகள் அடுக்கிய அலமாரிக்கும் பழைய லெட்ஜர் மூட்டைகளுக்கும் நடுவில், ஏ4 பேப்பர் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் டிபன் பாக்ஸ். மூடியில் துளி ஊறுகாய். நான் "சரி சரி, சாப்பிடுங்க" என்று கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

கும்பகோணம் பக்கத்து வங்கிக் கிளை. அவர் டெம்பரரி மெசஞ்சர், வயது 47. எனக்கு அப்போது 32. இங்கே "அவர்" என்று எழுதுகிறேன். கிளையில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. "அவன அனுப்புங்க", "அவன் எங்க போனான்?" இவ்வளவுதான். அதற்கு முந்தின வருடம் வேலைக்குச் சேர்ந்த கிளார்க் பையன், வயது 24, அவன்கூட அப்படித்தான். அவரோ அந்தப் பையனையும் சார் என்றுதான் கூப்பிடுவார். இதைச் சாதியில் சேர்த்துவிட்டால் கணக்கு சுலபமாக முடிந்துவிடும். எங்கள் தலைமைக் காசாளரும் அவரும் ஒரே சமூகம், தூரத்து உறவும்கூட. ஊர்க் கல்யாணத்தில் பார்த்தால் அண்ணன், தம்பி. கிளைக்குள் நுழைந்துவிட்டால் அந்த அண்ணன் இவரை விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவார்.

2016 நவம்பரில் செல்லாத நோட்டு மாற்ற வந்தவர்களின் விரலில் மை வைத்தாரே, அது அவர்தான். முதல் நாலு நாள் 4000, அப்புறம் 4500, அப்புறம் 2000 என்று வரம்பு மாறிக்கொண்டே இருக்க, வரிசையில் நின்ற கிழவிகளுக்கு அதைச் சொல்லிப் புரியவைத்தவரும் அவர்தான். நாங்கள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தோம், திட்டெல்லாம் அவருக்குப் போனது. அவர் விரல் நுனிகளில் அந்த மை பொங்கல் வரைக்கும் போகவில்லை. அந்த நாட்களில்தான் எனக்கு உறுத்த ஆரம்பித்தது. இரவு பத்து மணிக்குப் பரோட்டா வாங்கி வரச் சொல்வோம். எல்லாரும் மேசையில் பிரித்துச் சாப்பிடுவோம், அவர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

ஜனவரியில் ஒருநாள், "இனிமே எங்களோடயே உக்காந்து சாப்பிடுங்க" என்றேன். மறுத்தார். நான் விடவில்லை. மூன்றாம் நாள் வந்து மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தார். பேச்சு கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை. எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை.

ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, மேனேஜர் கேபினில் இருந்து போன். பெரிய வாடிக்கையாளர் ஒருவர் வந்திருக்கிறார், அவருடைய கடன் ஃபைல் உடனே வேண்டும். போனை வைத்துவிட்டு நான் சொன்னது: "அந்த ரைஸ்மில் ஃபைல மட்டும் எடுத்துக் குடுத்துட்டு வந்துரு."

அவர் டிபன் பாக்ஸை மூடினார். கை கழுவினார். போனார். ஃபைலோடு நிற்கவில்லை, ஜெராக்ஸ் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், அப்புறம் காபி. திரும்பி வந்தபோது நாங்கள் எல்லாரும் கை கழுவிக்கொண்டிருந்தோம். காலி மேசையில் அவர் டிபன் பாக்ஸ் மட்டும் இருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனரி ரூமுக்குள் போனார். மறுநாள் மேசைக்கு வரவில்லை. கேட்டதற்குத்தான் மேலே எழுதியிருக்கிற பதில்.

என் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ரெக்கார்டு ரூமில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். நான் போயிருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும். அதுவும் வேலை நேரம்தானே. இப்படியெல்லாம் எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் கடன் ஃபைலுக்குப் பொறுப்பான கிளார்க் என் பக்கத்திலேயே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டிருந்தால் "லஞ்ச் டைம் சார்" என்றிருப்பார். நானும் "ஆமாமா" என்றிருப்பேன். இன்னொன்றும் இருக்கிறது. அழைத்தபோது "உக்காந்து சாப்பிடுங்க" என்றவன், ஏவும்போது "வந்துரு" என்றேன். பத்து நாள் பழகிய "ங்க" எந்த நொடியில் உதிர்ந்தது என்று எனக்கே தெரியவில்லை. மேசையில் யாரும் கவனிக்கவில்லை. அவர் கவனித்தாரா என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

என் அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். இதை இங்கே எழுதுவதே ஏதோ சான்றிதழை நீட்டுவது போல இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன், காரணம் வேறு. அப்பா ஆலைக்குச் சாப்பாடு கொண்டுபோனதே இல்லை. வெயிலோ மழையோ, மூன்று கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவார். சூடாகச் சாப்பிட ஆசை என்று அம்மா சொல்வாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

உண்மையைச் சொன்னால், நான் சாப்பாட்டு மேசையைப் பற்றி இத்தனை எழுதுவதே இன்னொன்றைத் தள்ளிப்போடத்தான். அவருடைய சம்பளம் வவுச்சரில் போகும், தினக்கூலி. ஒரே பெயரில் எழுத மாட்டோம். வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தவரை நோட்டீஸும் இழப்பீடும் இல்லாமல் நிறுத்த முடியாது என்றது அப்போதிருந்த தொழில் தகராறு சட்டம். அதனால் பாதி நாள் அவர் பெயர், மீதி நாள் அவர் மனைவி பெயர், மச்சான் பெயர். எனக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் எழுதினார்கள். மூன்று பெயருக்கும் அவரே கையெழுத்துப் போடுவார். மச்சான் பெயருக்கு மட்டும் எழுத்தைக் கொஞ்சம் சாய்த்துப் போடுவார். அந்த வவுச்சர்களைப் பாஸ் செய்தது நான். ஒருமுறை சாய்க்க மறந்துவிட்டார் என்று நானே திருப்பிக் கொடுத்து வேறு எழுதி வாங்கினேன்.

மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவரை நிறுத்திவிட்டு வேறு ஆளை வைத்திருப்பார்கள். கோர்ட்டுக்குப் போகலாம் என்றால், 2006இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு தற்காலிகமாக நுழைந்தவர்கள் நிரந்தரம் கேட்பது மலையேறுகிற வேலை. ஆக, நான் கையெழுத்துப் போட்டது அவர் அடுப்பு எரியத்தான். இப்படிச் சொல்லும்போது சரியாகத்தான் இருக்கிறது. சாய்த்துப் போட்ட அந்தக் கையெழுத்து நினைவுக்கு வந்தால் சரியாக இல்லை. சம்பளத்தில் கை வைக்க முடியாதவன் நாற்காலியைக் கொடுத்து ஈடுகட்டப் பார்த்தேனோ என்னவோ. அவருக்கு அது தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மூன்று பெயரில் கையெழுத்துப் போடுகிறவருக்கு மேசையில் ஒரு இடம் எதற்கு?

2019இல் எனக்கு மாற்றல் வந்தது. இப்போதிருக்கும் கிளையில் சுத்தம் செய்கிற அம்மா காண்டிராக்டர் ஆள். வவுச்சர் தொல்லை இல்லை, எனக்குக் கையெழுத்தும் இல்லை. மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். நான் மேசைக்குக் கூப்பிடவில்லை. கற்றுக்கொண்ட பாடம் என்று வைத்துக்கொள்ளலாம். சோம்பேறித்தனம் என்றாலும் மறுக்க மாட்டேன்.

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் அவசரமாக ஒரு கவர் தேவைப்பட்டது. யாரையும் கூப்பிடாமல் நானே எடுக்கப் போனேன். கவர் இருக்கிற அலமாரி அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பின்னால். என்னைப் பார்த்ததும் சோற்றுக் கையோடு, பாத்திரத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

"உக்காருங்கம்மா, நான் எடுத்துக்கிறேன்."

"நீங்க எடுங்க சார்."

நான் எடுத்து முடித்து, அலமாரியைச் சாத்தி, படியேறும்வரை நின்றுகொண்டே இருந்தார்.