தொட்டிலுக்கு அடியில் ஒரு நடனப் பாட்டு

பாட்டுக் கேட்கும் செயலி ஒன்றில், ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸின் தாலாட்டை ஒரு சொப்ரானோ (உச்சக் குரல்) பாடகி பியானோவோடு பாடிய பழைய ஒலிப்பதிவுக்குக் கீழே மூன்று குறிப்புகள் இருந்தன: வேகம் நிமிடத்துக்கு 152, சுருதி ஈ பிளாட் மேஜர், மனநிலை அமைதி. முதலாவது பிழை, இரண்டாவது சரி, மூன்றாவது பாதி உண்மை என்பது என் கணிப்பு. அந்த மிச்சப் பாதிக்காகவே இதை எழுதுகிறேன்.

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தொடையில் தட்டிப் பார்த்ததில் 76 அடிகளே வந்தன. கணிப்பொறி அதைச் சரியாக இரட்டித்திருக்கிறது. காரணம் பியானோவின் வலக்கையில் இருக்கிறது. மூன்றடித் தாளத்தின் அடிகளில் பாட்டு நடக்க, வலக்கையோ அடிகளுக்கு நடுவில் தள்ளித் தள்ளி விழுகிறது. அந்த நடு அடிகளையும் இயந்திரம் முழு அடிகளாக எண்ணிவிட்டது. தொட்டில் ஒரு பக்கம் போய் எட்டி நின்று, திரும்புமுன் ஒரு கணம் தயங்கும் அல்லவா? அந்தத் தயக்கத்தைத்தான் வலக்கை வாசிக்கிறது.

பிராம்ஸ் வேகத்துக்கு எண் எதையும் எழுதவில்லை. ‘சார்ட் பெவேக்ட்’ என்ற இரண்டு ஜெர்மன் சொற்களை மட்டும் எழுதினார். மென்மையாக, ஆனால் நகர்ந்துகொண்டே என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். பெரிய வாத்தியக் குழுவை அமர்த்திக்கொண்டு பாடும் பலருடைய பதிவுகளில் முதல் சொல் மட்டும் மிஞ்சி, இரண்டாவது தொலைந்துவிடுகிறது. என்னிடம் உள்ள அப்படியொரு பதிவில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 அடிகளே வருகின்றன. குரல் அருமையானது, மூச்சு நீளமானது, ஆனாலும் தொட்டில் ஆடவில்லை.

அது ஏன் ஆடவேண்டும் என்பதற்கு இந்தப் பாட்டு பிறந்த கதையிலேயே விடை இருக்கிறது. ஹாம்பர்க்கில் பிராம்ஸ் நடத்திவந்த பெண்கள் பாடற்குழுவில் பெர்த்தா என்ற இளம்பெண் பாடினார். வியன்னாவைச் சேர்ந்த அவர் பிராம்ஸுக்கு ஆஸ்திரிய நாட்டுப்புறச் சாயலுள்ள ஒரு காதல் பாட்டைப் பாடிக் காட்டுவதுண்டு. காதலை வற்புறுத்தி வாங்கிவிடலாம் என்று நினைக்கிறாயா என்று சீண்டும் அந்தப் பாட்டு, லேண்ட்லர் எனப்படும் மூன்றடி நடனத்தின் போக்கில் அமைந்தது. பின்னாளில் பெர்த்தா ஆர்தர் ஃபாபரை மணந்து, 1868இல் இரண்டாவது மகனைப் பெற்றபோது, பிராம்ஸ் அந்தக் குழந்தைக்காகத் தாலாட்டு எழுதி, பெர்த்தாவின் பழைய நடனப் பாட்டைப் பியானோவின் பகுதிக்குள் மறைத்துவைத்தார். மனைவி குழந்தையைத் தூங்கவைக்கும்போது கணவன் அவளுக்காக ஒரு காதல் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பான் என்று ஆர்தருக்கு எழுதிய கடிதத்தில் அவரே விளக்கியிருக்கிறார். கடைசி வரை மணம் செய்துகொள்ளாத ஒருவர், பிறர் வீட்டுத் தொட்டிலருகே கணவனுக்கான வரிகளை எழுதிக் கொடுத்தது என்னை ஒவ்வொரு முறையும் சற்று நிறுத்திவைக்கிறது.

ஆகவே 50இல் இழுத்துப் பாடினால் முதலில் காணாமற்போவது அந்தக் கணவன்தான். நடனம் என்று காது உணர முடியாத அளவுக்கு அடிகள் விலகிவிடுகின்றன; தாய் மட்டும் தனியே பாடிக்கொண்டிருக்கிறாள்.

சுருதிக்கு வருகிறேன். ஈ பிளாட் என்பது நம் கணக்கில் இரண்டரைக் கட்டை. பியானோவின் இடக்கை பெரும்பாலும் அந்த ஈ பிளாட்டிலேயே வந்து ஊன்றுகிறது. மேலே சுரக்கூட்டு மாறினாலும் அடியில் அது தம்புரா போல இருந்துகொண்டிருக்கிறது. கீழ்க்குரல் பாடகர்கள் சுருதியை இறக்கிப் பாடுவதில் தவறொன்றுமில்லை, ஆனால் இறக்க இறக்க இடக்கையின் ஒலி தடித்து, வலக்கையின் முணுமுணுப்பை மூடத் தொடங்கும். மேஜர் என்ற அமைப்பு நமக்குச் சங்கராபரணம். நம் தாலாட்டு ராகமான நீலாம்பரியும் 29ஆவது மேளகர்த்தாவான அதே தாய் ராகத்தில் பிறந்ததுதான். நீலாம்பரியில் சுரங்களே அசைந்து தாலாட்டுகின்றன. இங்கே ‘க க ப, க க ப’ என்று தொடங்கும் மெட்டு நேர்கோடாக நிற்க, அசைவு முழுவதும் பக்கவாத்தியத்தின் பொறுப்பாகிறது.

அமைதி என்ற குறிப்புக்கு என் மறுப்பு இன்னொன்றும் உண்டு. மெட்டின் மொத்த எல்லையும் ஒரே ஒரு ஸ்தாயிதான். அந்த முழுத் தொலைவையும் ஒரே எட்டில் தாவுமிடம், நாளைக் காலையில் என்ற சொல்லில் வருகிறது: கீழ் ச, கீழ் ச, உடனே மேல் ச. அடுத்து, கடவுள் விரும்பினால் என்ற சொற்கள் தணிந்து இறங்குகின்றன. கைக்குழந்தைகள் எளிதில் இறந்துபோன நூற்றாண்டில், நீ மீண்டும் விழிப்பாய் என்று சொல்லும் வரி அது. நான் குறிப்பிட்ட சொப்ரானோ அந்த மேல் சட்ஜத்தை உரக்கப் பிடிக்காமல் தொட்டுவிட்டு இறங்குகிறார். குழந்தை விழித்துவிடக் கூடாதே என்பதோடு வேறு ஏதோ ஒரு பயமும் அதில் கேட்கிறது.

பாட்டு பெரும்புகழ் பெற்று, எல்லாக் கருவிகளுக்கும் மாற்றி மாற்றி அச்சாகத் தொடங்கியபோது, அடம்பிடிக்கும் குழந்தைகளுக்கும் நோயுற்ற குழந்தைகளுக்கும் சோகச் சாயலுள்ள மைனர் சுருதியில் ஒரு பதிப்புப் போடலாமே என்று பிராம்ஸ் தன் பதிப்பாளர் சிம்ராக்கிடம் கேலி செய்தார். 1877இல் அவர் எழுதிய இரண்டாம் சிம்பனியின் முதல் பகுதியில், வயலினைவிடத் தாழ்ந்த குரலுள்ள செல்லோக்களும் வயோலாக்களும் சேர்ந்து வாசிக்கும் இரண்டாவது கருப்பொருளைக் கேட்டுப் பாருங்கள். தாலாட்டின் முகச்சாயல் அதில் தெளிவாகத் தெரியும். சுருதி எஃப் ஷார்ப் மைனர்.