ஆள் கிடைக்கவில்லையா, கிடைத்த ஆள் நிற்கவில்லையா?

திருப்பூரில் எந்த வீதிக்குள் வண்டியை விட்டாலும் ஏதாவது ஒரு கேட்டில் போர்டு தொங்கும். ஓவர்லாக், பேட்லாக் (இரண்டும் பனியன் தைக்கிற மெஷின் வகைகள்) டெய்லர்கள் தேவை, செக்கிங் ஆட்கள் தேவை, தங்குமிடம் உண்டு, வேன் வசதி உண்டு. அனுப்பர்பாளையம், வீரபாண்டி, முதலிபாளையம் சிட்கோ, எங்கே போனாலும் இதேதான். பனியன் கம்பெனிகளில் டைம் ஆபீஸ் (ஆள் வருகையைப் பதிகிற இடம்), சம்பளக் கணக்கு என்றே காலம் தள்ளுகிறவன் நான். அந்த போர்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி வரும்: இவர்களுக்கு ஆள் கிடைக்கவில்லையா, கிடைத்த ஆள் நிற்கவில்லையா?

முதலாளிகள் நாலு பேர் கூடினால் ஒரே பேச்சுதான். "இப்ப இருக்கற ஆளுங்களுக்கு விசுவாசமே இல்லீங்க, பக்கத்துக் கம்பெனில பீசுக்கு அஞ்சு பைசா சேத்திக் குடுத்தா ஓடிர்றாங்க." இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அஞ்சு பைசாவுக்காகப் போகிறவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் வாரா வாரம் சம்பள ஷீட் போடுகிறவனாகச் சொல்கிறேன், பெரும்பாலானவர்கள் பார்ப்பது காசு எவ்வளவு என்பதைவிட அந்தக் காசு எவ்வளவு நிச்சயம் என்பதைத்தான். இந்த வாரம் ஆறு நாளும் வேலை இருக்குமா, சொன்ன ரேட்தான் கணக்கில் ஏறுமா, சனிக்கிழமை காசு கைக்கு வருமா, ஊரில் நோம்பி (கோயில் திருவிழா) சாட்டினால் ரெண்டு நாள் லீவு தருவார்களா? இதற்கெல்லாம் நம்பகமான பதில் இருக்கிற இடத்தில், கூலி கொஞ்சம் குறைவாக இருந்தாலும் ஆள் நிற்கிறது.

கூலி முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது ரொம்ப அநியாயம். அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் கார் தொழிற்சாலையில் 1913-இல் ஆள் நிற்காமல் திண்டாடிப் போனார்கள், ஒரு இடத்தை ஒரு வருடம் நிரப்பி வைக்க மூன்று நான்கு பேரை எடுக்க வேண்டிய நிலை. 1914 ஜனவரியில் நாளொன்றுக்கு 5 டாலர் என்று அறிவித்தார், முன்பு கொடுத்ததைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதற்கப்புறம் ஆட்கள் நின்றார்கள். இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதே அறிவிப்பில் வேலை நேரத்தையும் 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைத்தார் என்பதைப் பல பேர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

நம் ஊர் கணக்குக்கு வருகிறேன். பீஸ் ரேட்டில், அதாவது ஒரு பீஸுக்கு இவ்வளவு என்கிற கூலியில், தைக்கிற டெய்லர் ஏன் போகிறார் என்று தெரிய வேண்டுமானால் ஸ்டைல் மாறுகிற வாரத்தைப் பார்க்க வேண்டும். ஒரு டி-ஷர்ட் ஆர்டர், பழைய மாடல்தான், ஆனால் பையர் இந்த முறை கழுத்தில் ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை டேப் வைக்கச் சொல்லிவிட்டார். டேப் வைத்து அடிப்பது தனி வேலை, கை ஓட்டம் அதில் குறையும். ஆள் வைத்து வேலை வாங்குகிற கான்ட்ராக்டர் வந்து "போடுங்க, ரேட்ட அப்புறம் பேசிக்கலாம்" என்பார். திங்கள் முதல் வெள்ளி வரை கட்டுக் கட்டாகத் தைத்து முடித்துவிடுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கணக்குச் சீட்டு வரும்போது பழைய மாடலுக்குரிய ரேட்டே போட்டிருக்கும், அல்லது டேப்புக்கு என்று ஒப்புக்கு ஏதோ சேர்த்திருக்கும். அன்றைக்குச் சத்தம் போடுவார்கள், சமாதானம் சொல்வார்கள், காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். திங்கட்கிழமை காலையில் நாலு மெஷினில் ஆள் இருக்காது. இதே கதையை வேறு வேறு கம்பெனிகளில் பார்த்துவிட்டேன்.

முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து சில வருடத்துக்கு ஒரு முறை கூலி ஒப்பந்தம் போடுகிறார்கள், இத்தனை சதவீதம் உயர்வு என்று பேப்பரில் வருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் சதவீதம் ஏறுவது ஏற்கெனவே இருக்கிற ரேட்டுக்கு மேல். புதிதாக வந்த வேலைக்கு ரேட்டே பேசவில்லை என்றால் எதன்மேல் சதவீதம் ஏறும்?

அப்புறம் மெஷின். ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இது கண்ணில் படுவதில்லை. ஊத்துக்குளிப் பக்கமிருந்து வேனில் வருகிற ஒரு ஓவர்லாக் அக்கா இருக்கிறார். பெரிய கார்மென்ட்ஸில் கூப்பிட்டார்கள், ஷிப்டுக்குக் கூடுதல் காசு. போகவில்லை. ஏனுங்க்கா என்று கேட்டேன். "அஞ்சரைக்கு வேன் கெளம்பிருது தம்பி. பையன் டியூசன் முடிஞ்சு வாரப்ப வீட்ல இருப்பேன். அங்க காசு சேத்தி வரும், ஆனா எப்ப வீட்டுக்கு வருவேன்னு எனக்கே தெரியாது" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "இந்த மெஷினு எனக்குப் பழகிருச்சு" என்று சேர்த்துக்கொண்டார். அவர் மெஷின் தலைப்பில் ஒரு கட்டிங் துண்டு கட்டியிருக்கும், காலையில் வந்ததும் அதை அவிழ்த்து எண்ணெயைத் துடைத்துவிட்டு, பழைய துணியில் ரெண்டு மூன்று இழுப்பு ஓட்டிப் பார்த்த பிறகுதான் பீஸை எடுப்பார். பீஸ் ரேட்டில் இருக்கிறவருக்கு நூல் அறுபடாத மெஷின்தான் சம்பளம். ஊசி உடைந்து மெக்கானிக் வர அரை மணி நேரமானால் அந்த அரை மணி நேரமும் அவர் கைக்காசு போகிறது, கம்பெனி கணக்கில் அது எங்கேயும் எழுதப்படாது. நல்ல மெக்கானிக் இருக்கிற யூனிட்டில் டெய்லர்கள் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன், ஆனால் ஆள் பற்றாக்குறைக் கூட்டங்களில் மெக்கானிக்கைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

நேரத்துக்கு வருகிறேன். காலை எட்டரைக்கு ஏறி ஐந்தரைக்கு இறங்கினால் ஒரு ஷிப்ட், ராத்திரி எட்டரை ஒன்பது வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட். ஒன்றரை ஷிப்டை விரும்புகிறவர்களும் உண்டு, குறிப்பாக வெளியூரிலிருந்து வந்து ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பையன்கள், அவர்களுக்கு அந்த அரை ஷிப்ட் காசில்தான் ஊருக்கு அனுப்பும் பணம் இருக்கிறது. கஷ்டம் எங்கே என்றால், இருக்கா இல்லையா என்று சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் சொல்கிறார்கள். ஷிப்மென்ட் நெருங்கினால் ரெண்டு ஷிப்ட், முடிந்ததும் பத்து நாள் வெறும் கை. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி என்று போட்டபோது, அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த யூனிட்டுகளில் ஓவர்டைம் நின்று ஷிப்டும் குறைந்தது. அப்போது போனவர்களை விசுவாசம் இல்லாதவர்கள் என்று எப்படிச் சொல்வது? வாடகையும் மளிகைக் கடைப் பாக்கியும் ஷிப்மென்ட் பார்த்து வருவதில்லையே.

வெளி மாநிலத்து ஆட்கள் விஷயம் இன்னும் வேறு மாதிரி. பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வருகிறவர்கள் தனித்தனியாக வருவதில்லை, ஒருவரைப் பார்த்து ஒரு ஊரே வரும், ஒருவர் கிளம்பினால் அந்த ரூமே கிளம்பும். 2023 மார்ச்சில் வட மாநிலத்தவரை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது கூட்டம் கூட்டமாக ஸ்டேஷனுக்குப் போனார்கள், பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பி விசாரித்தது. அந்தச் சமயத்தில் ஹாஸ்டலுக்கே நேரில் போய் உட்கார்ந்து, வீட்டுக்கு போன் போட்டுக் கொடுத்துப் பேச வைத்த கம்பெனிகளில் நிறையப் பேர் நின்றார்கள். "போகாதே, சம்பளப் பாக்கி தரமாட்டேன்" என்று மிரட்டிய இடங்களில் பாக்கியை விட்டுவிட்டுப் போனார்கள். பயந்து போயிருக்கிற ஆளிடம் காசைக் காட்டி மிரட்டுவது என்ன புத்தி என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வரும்.

தீபாவளி போனஸ் வாங்கியதும் போய்விடுகிறார்கள் என்பது இன்னொரு புலம்பல். சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதாவது வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். அதை விட்டுவிட்டு யார் போவார்கள்? ஆடியிலேயே மனசு விட்டுப் போனவர் ஐப்பசி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறார், அவ்வளவுதான். தீபாவளிக்கு அப்புறம் வராத ஆளைத் தேடுவதைவிட ஆடி மாதம் என்ன நடந்தது என்று அந்த செக்‌ஷனில் கேட்டால் விவரம் கிடைக்கும். பெரும்பாலும் அங்கே ஒரு சூப்பர்வைசர் மாறியிருப்பார். டேமேஜ் பீஸைக் கையில் தூக்கிப் பிடித்து எல்லோர் முன்னாலும் திட்டுகிற ஒருவர், அல்லது தனக்கு வேண்டியவர்களுக்கே சுலபமாக ஓடுகிற பீஸைக் கொடுக்கிற ஒருவர்.

கணக்கு முடிக்க வருகிறவர்களிடம் நான் கேட்பேன், என்ன காரணம் என்று. "அம்மாவுக்கு முடியல", "ஊர்லயே வேலை கெடச்சிருச்சு." நிஜக் காரணத்தை டைம் ஆபீஸில் யாரும் சொல்ல மாட்டார்கள், நாளைக்கு மறுபடி இங்கேயே வரவேண்டியிருக்கலாம் அல்லவா. இதே திருப்பூரில்தான் 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் இன்னும் சிலர் டீக்கடையில் அதைப் பற்றிப் பேசுவார்கள். அன்றைக்கு வேலையை விடாமல் இருந்து சண்டை போட்டார்கள். இன்றைக்கு கான்ட்ராக்டர் மாறிக்கொண்டே இருக்கிற யூனிட்டில் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? பேச இடமில்லாதபோது, திங்கட்கிழமை வராமல் இருப்பதுதான் பேச்சு.

கான்ட்ராக்டர் மாறுவதில் இன்னொரு நஷ்டம் இருக்கிறது, அதைத் தெரிந்தவர்கள் குறைவு. தமிழ்நாட்டில் 1981-இல் வந்த சட்டப்படி 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தால் நிரந்தரம் கேட்கலாம். கிராச்சுட்டி (வேலையை விட்டுப் போகும்போது தருகிற பணிக்கொடை) என்றால் இத்தனை காலமும் 5 வருடம் முடிய வேண்டும், வருடத்துக்கு 15 நாள் சம்பளம். பி.எஃப். பென்ஷனுக்கு 10 வருட சர்வீஸ். ஒரே மெஷினில் உட்கார்ந்து தைத்தவர் காகிதத்தில் மூன்று கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்திருப்பார், பாதி வருடங்களுக்கு பி.எஃப். பிடித்ததாகவே இருக்காது. நின்றால் கிடைக்கும் என்று சட்டம் சொல்வது நின்றும் கிடைக்கவில்லை என்றால், நிற்பதற்கு என்ன காரணம் மிச்சம்? பி.எஃப். ஒழுங்காகக் கட்டி, மெசேஜ் செல்போனுக்கு வருகிற கம்பெனியை ஆட்கள் சுலபத்தில் விடுவதில்லை. கர்ப்பமான பெண்கள் இ.எஸ்.ஐ. மகப்பேறு விடுப்பு 26 வாரம் கிடைக்கும் என்பதற்காகவே பொறுத்துப் போவதையும், எடுத்துவிட்டுத் திரும்பி வந்து நன்றாக வேலை செய்வதையும் பார்க்கிறேன்.

முதலாளிகளிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற விஷயம் இல்லை. புது ஸ்டைல் வந்தால் முதல் கட்டு லைனுக்குப் போகும் முன்னே ரேட்டை எழுதி ஒட்டுங்கள். அடுத்த வாரம் வேலை குறைவு என்றால் புதன்கிழமையே சொல்லிவிடுங்கள், ஆள் அந்த ரெண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வரட்டும். ஓவர்டைம் உண்டா இல்லையா என்பதை மதியச் சாப்பாட்டுக்குள் சொல்லுங்கள், ஐந்து மணிக்குச் சொன்னால் வீட்டில் குழந்தை இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? சனிக்கிழமைச் சம்பளத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளாதீர்கள், பேங்கில் பணம் வரவில்லை என்பது உங்கள் கஷ்டம். மெக்கானிக் சம்பளத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். இதையெல்லாம் ஒரு ஆறு மாதம் செய்து பார்த்துவிட்டு, கேட்டில் தொங்குகிற போர்டை எடுக்கலாமா வேண்டாமா என்று அப்புறம் பேசுவோம்.